என் நேரத்துக்கு விலை போட்ட தம்பிக்கு

மஞ்சள் வெட்டுக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை. களத்துல வண்டியோட இடது பின்சக்கரத்தைக் கழட்டி வெச்சுட்டு, முழங்கை வரைக்கும் கிரீசோட உட்கார்ந்திருந்தேன். பொங்கலுக்கு சென்னையில இருந்து வந்திருந்த சித்தப்பா பையன் காபி டம்ளரோட வந்து நின்னான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்:

"ஏனுங்ணா, இதைச் சர்வீஸ்ல விட்டா ஆகாதா? ஒரு நாள் முழுக்க இதுலயே போச்சு. உங்க நேரத்துக்கு ஒரு மதிப்பு இருக்குதில்லீங்ளா?"

நல்ல பையன். மனசுல ஒண்ணும் வெச்சுக்கிட்டுக் கேட்கலை. அதனாலயே எனக்கு அன்னைக்கு வாய் வரலை. ஸ்பேனரை எடுத்துக் குடு கண்ணுன்னு மட்டும் சொன்னேன். ஆனா இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேட்கலைங்க. ஊருக்கு வர்ற சொந்தக்காரங்க, கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்துல உட்கார்றவங்க, இந்தப் பக்கம் நிலம் வாங்கலாமான்னு போன் பண்றவங்க, எல்லாரும் ஏதோ ஒரு விதத்துல கேட்கிறாங்க. கூடவே இன்னொரு குத்தலும் வரும்: "எஸ்யூவி வெச்சிருக்கிறீங்க, அப்புறம் விவசாயம் நட்டம்னு சொல்றீங்க!" ரெண்டுக்கும் சேர்த்து இங்கே எழுதிடறேன்.

முதல்ல அந்த எஸ்யூவி. ரெண்டாங்கையா வாங்கினது. வயசு பதினொண்ணு. ஓடினது 1,64,000 கிலோமீட்டர். பின்னாடி ஒரே குழாய் மாதிரி ஆக்சில், ஸ்பிரிங் பட்டை, டிரம் பிரேக். ஏசி இருக்குதுங்க, ஆனா சத்தம் மட்டும்தான் வரும். காலையில பால் கேன் சொசைட்டிக்குப் போறது இதுல. விதை மஞ்சள் மூட்டை, உர மூட்டை, மோட்டார் கழட்டினா மோட்டார், எல்லாம் இதுல. போன ஐப்பசியில ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரை நெஞ்சு வலின்னு கூட்டிக்கிட்டுப் போனதும் இதுலதான். வாய்க்கால் கரை மேல மழை பேஞ்ச சேத்துல சின்னக் கார் ஒண்ணு வருமான்னு நீங்களே வந்து ஓட்டிப் பாருங்க. நகரத்துல இது அந்தஸ்துங்க. எங்களுக்கு இது மாட்டு வண்டிக்கு அடுத்தது, அவ்வளவுதான்.

அந்த வண்டியில மார்கழியில இருந்து ஒரு சத்தம். நாப்பதைத் தாண்டினா பின்னாடி இருந்து 'ஊஊஊம்'னு ஒரு முனகல், அறுபதுல அது அழுகையா மாறும். நான் பண்ணின முதல் வேலை என்ன தெரியுங்களா? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வெச்சேன். மூணு வாரம் அப்படியே ஓட்டினேன். இதை மறைக்க விரும்பலை. டயர் தேஞ்சாலும் இதே மாதிரி சத்தம் வரும்கிறதால, டயர்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள் முன் டயரையும் பின் டயரையும் மாத்திப் போட்டுப் பார்த்தா சத்தம் அதே இடத்துல அப்படியே இருக்குது. வலது பக்கம் வளைஞ்சா கூடுது, இடது பக்கம் வளைஞ்சா குறையுது. வலது பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் இடது சக்கரத்துமேல சாயும். அப்போ கத்தறது இடது சக்கரம்.

ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினேன். ஆட்டம் இருந்தது. ஒரு கையால சக்கரத்தைச் சுத்திவிட்டு, இன்னொரு கையை ஸ்பிரிங் பட்டைமேல வெச்சா, உள்ளே மணலை அரைக்கிற மாதிரி கையில ஏறுது. பேரிங் போச்சு. இதுக்கு கம்ப்யூட்டர் வேணாங்க, கை போதும்.

இதுல ஏன் அலட்சியம் ஆகாதுன்னு சொல்லணும். மாட்டு வண்டியில சக்கரம் அச்சை விட்டுக் கழண்டு போகாம இருக்க முனையில ஒரு கடையாணி இருக்கும். எங்க வண்டி மாதிரி ஆக்சில்ல அந்தக் கடையாணி வெளியில கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தோட சேர்ந்து சுத்தற ஷாஃப்ட்டுமேல பேரிங் ஏறி இருக்கும். அதை நகராம பிடிச்சுக்க ஒரு இரும்பு வளையம், காலர்னு சொல்லுவாங்க, அழுத்தி ஏத்தியிருக்கும். பேரிங்கும் காலரும்தான் ஷாஃப்ட்டை உள்ளே நிறுத்தி வைக்குது. அது நொறுங்கி விட்டுப்போனா சக்கரம் மட்டும் இல்லைங்க, ஷாஃப்ட்டோட சேர்ந்து வெளியே வந்துடும். அந்த வண்டியில தினமும் என் சம்சாரம் பால் கேனோட பாப்பாவையும் ஏத்திக்கிட்டுப் போறா. மூணு வாரம் பாட்டை ஏத்தி வெச்சுக் கேட்டவன் நான். அதை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையுது.

சரி, சர்வீஸ் சென்டருக்குப் போன் பண்ணாமலா இருப்பேன்? பண்ணினேன். எங்க ஊர்ல இருந்து 38 கிலோமீட்டர். ஒன்பது நாள் கழிச்சு தேதி குடுத்தாங்க. தோராயமா எவ்வளவு ஆகும்னு கேட்டேன். ரெண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட் அசெம்பிளி மாத்தணும், லேபரோட, வரியோட 21,600 ரூபாய்னு வந்தது. "ஷாஃப்ட் நல்லா இருந்தா பேரிங் மட்டும் மாத்தக் கூடாதுங்ளா?"ன்னேன். "நாங்க பேரிங் தனியா பண்றதில்ல சார், அசெம்பிளியாதான் வரும்." பேசின பொண்ணு மேல தப்பு இல்லைங்க, அவங்க திரையில அப்படித்தான் காட்டுது. ஆனா இந்த 'அசெம்பிளி'ங்கிற ஒரு வார்த்தை இருக்கே, அது இந்தக் காலத்துக் கந்து வட்டி. இருபது ரூபாய் வாஷர் போனா இரண்டாயிரம் ரூபாய் பெட்டியை மாத்து. உள்ளே என்ன இருக்குன்னு கேட்காதே.

கிராமத்தான் ஏன் இதை ஒத்துக்கறதில்லை தெரியுங்களா? எங்களுக்கு பேரிங் புதுசு இல்லை. கிணத்து மோட்டார்ல பேரிங் மாத்தாத விவசாயி எங்க ஊர்ல இல்லை. எந்தப் பேரிங்கா இருந்தாலும் பக்கவாட்டுல ஒரு நம்பர் வெட்டியிருக்கும். சாதாரண மோட்டார்ல வர்ற 6205ஐ எடுத்துக்குங்க: உள் விட்டம் 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, அகலம் 15. உள் விட்டத்தைக் கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம், கடைசி ரெண்டு எண்ணை அஞ்சால பெருக்கினா போதும். 05ஐ அஞ்சால பெருக்கு, 25. 06னா 30. (04க்குக் கீழ இந்தக் கணக்கு வராது.) எந்த நாட்டுல எந்தக் கம்பெனி செஞ்சாலும் 6205ன்னா இதே அளவுதான். உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட ஒழுங்கு இது. கடைக்காரர்கிட்ட நம்பரைச் சொன்னா போதும், மோட்டார் கம்பெனி பேரே வேண்டாம். இப்படித் திறந்த ஒரு பொருளை, சொந்தப் பெட்டியில போட்டு, சொந்த நம்பர் ஒட்டி, 'எங்ககிட்ட மட்டும்தான் கிடைக்கும்'னு சொன்னா எங்களுக்குக் கோபம் வராதா?

இது என் ஒருத்தன் புலம்பல் இல்லைங்க. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு, உதிரி பாகங்களையும் பழுது பார்க்கிற கருவிகளையும் வெளிச் சந்தையில கிடைக்க விடாம வெச்சிருந்ததுக்காக, மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஒரு குழு போட்டது. அந்தக் குழு எடுத்துக்கிட்ட துறைகள்ல செல்போனும் காரும் மட்டும் இல்லை, விவசாயக் கருவிகளும் இருக்குது. அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல விவசாயிகள் தங்களோட டிராக்டரைத் தாங்களே ரிப்பேர் பண்ணிக்க சட்டம் வாங்கிட்டாங்க. 2024 ஜனவரியில இருந்து அது நடைமுறையில இருக்குது. ஆயிரம் ஏக்கர்க்காரனும் அஞ்சு ஏக்கர்க்காரனும் ஒரே விஷயத்துக்குத்தான் சண்டை போடறாங்க. காசு குடுத்து வாங்கின பொருளைத் திறந்து பார்க்க யாருகிட்ட அனுமதி கேட்கணும்னு.

இப்போ அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

வண்டி தரையில நிக்கும்போதே வீல் நட்டை இளக்கிட்டேன். முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு கல் குடுத்தேன். இது முக்கியம். டிரம்மைக் கழட்ட ஹேண்ட் பிரேக்கை விட்டாகணும், ஒரு பின்சக்கரம் மேலே தூக்கியிருந்தா கியரும் வண்டியைப் பிடிக்காது. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடற பழக்கம் என்கிட்ட இல்லை. ஆக்சிலுக்கு அடியில பனங்கட்டை அடுக்கி, வண்டிப் பாரத்தை அதுமேல இறக்கினேன். ஹாலோ பிளாக் கல்லு வைக்கிறவங்களைப் பார்த்திருக்கேன், அது சொல்லாம கொள்ளாம நொறுங்கும். வைக்காதீங்க.

டிரம்மைத் தட்டிக் கழட்டினதும் தெரிஞ்சது, பிரேக் ஷூ எண்ணெயில ஊறிக் கிடக்குது. உள்ளே இருக்கிற கிரவுன் ஆயில், சீலைத் தாண்டி வெளியே வந்திருக்கு. பிரேக் கொஞ்ச நாளா ஒரு பக்கம் இழுக்குதேன்னு நினைச்சதுக்குக் காரணம் இதுதான். சீல் ஏன் போச்சு? ஆக்சில் மேல சுண்டு விரல் அளவுல ஒரு மூச்சுக் குழாய் இருக்கும். உள்ளே சூடேறினா காத்து வெளியே போறதுக்கு. எங்க வாய்க்கால் சேறு அதுல காஞ்சு கல்லா அடைச்சிருந்தது. காத்துக்கு வழி இல்லைன்னா அது சீல் வழியா எண்ணெயைத் தள்ளும். ஒரு கம்பியால குத்திச் சுத்தம் பண்ணினேன், அரை நிமிஷ வேலை. 21,600 ரூபாய்க்கு ரெண்டு புது ஷாஃப்ட் போட்டுட்டு இந்த அடைப்பை யாரும் பார்க்காம விட்டிருந்தா, புது சீலும் அதே வழியில போயிருக்கும். அவங்க பார்த்திருக்கவும் கூடும், எனக்கு எப்படித் தெரியும்? ஆனா பில்லுல அதுக்கு ஒரு வரி இல்லை.

விளம்பரத்துல பார்த்திருப்பீங்க, இந்த மாதிரி வண்டியெல்லாம் ஆத்துக்குள்ள இறங்கி, தண்ணியைச் சிறகு மாதிரி வாரி இறைச்சுக்கிட்டுப் போகும். அப்படி இறங்கின வண்டிக்கு அப்புறம் என்ன நடக்கும்னு அந்த விளம்பரம் காட்டாது. நான் காட்டறேன் வாங்க. பழைய பேரிங்கை வெட்டிப் பார்த்தா உள்ளே கிரீஸ் இல்லை, டீத்தூள் நிறத்துல துரு. குண்டு ஓடற பாதையில அம்மை போட்ட முகம் மாதிரி குழி.

பின்தட்டுல நாலு நட்டைக் கழட்டியாச்சு, ஷாஃப்ட் வெளியே வரலை. பதினொரு வருஷத் துரு. இதுக்கு இழுத்து அடிக்கிற சுத்தியல் ஒண்ணு பட்டறையில இருக்கும், எங்கிட்ட இல்லை. டிரம்மைத் திருப்பி, ரெண்டு நட்டை நுனியில மட்டும் தளர்வா மாட்டி, டிரம்மைப் பிடிச்சு வெளிப்பக்கமா வேகமா இழுத்து இழுத்து அடிச்சேன். ஏழாவதோ எட்டாவதோ அடியில 'டப்'னு வந்து நான் மல்லாக்க விழுந்தேன். தம்பி அதை வீடியோ எடுத்து வெச்சிருக்கான். குடும்பக் குரூப்ல சுத்துது.

காலரை கிரைண்டர்ல முக்கால்வாசி அறுத்து, ஷாஃப்ட்டுல பல்லு படாம நிறுத்தி, உளி வெச்சு ஒரே போடு. பிளந்துக்கும். பேரிங்கும் அப்படித்தான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கணும், பேரிங் இரும்பு சில்லு சில்லாத் தெறிக்கும். புதுசை ஏத்தறது மட்டும் வீட்டுல ஆகாதுங்க. சம்மட்டியால அடிச்சு ஏத்தறவங்க இருக்காங்க. அடி விழறப்பவே புது பேரிங்கோட ஆயுசுல பாதி போச்சு. ஆறு கிலோமீட்டர்ல லேத்துப் பட்டறை. அங்கே ஹைட்ராலிக் பிரஸ் இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னாலும் அண்ணன் போன் பண்ணினா திறப்பார்.

ஷாஃப்ட்டைப் பைக்குல கட்டிக்கிட்டுப் போனேன். அவர் பேரிங்கைக் கையில வாங்கி, நம்பரைப் பார்த்து, காதுகிட்ட வெச்சுச் சுத்திப் பார்த்தார். போலி சரக்கு அவ்வளவு வருது. நான் நம்பிக்கையான டீலர்கிட்ட பில்லோட வாங்கினதுன்னு சொன்ன பிறகும் அவர் காது ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த வேலை. ஷாஃப்ட்டை உப்புத்தாள்ல தேய்ச்சுத் துடைச்சு, பிரஸ்ல நிறுத்தி, பேரிங்கை மேலே வெச்சவர் அப்படியே நிறுத்திட்டார்.

"ஏந்தம்பி, தட்டு எங்கே?"

எனக்கு முதுகுல வேர்த்துப்போச்சு. நாலு நட்டு பிடிக்கிற அந்தத் தட்டு பேரிங்குக்கு முன்னாடியே ஷாஃப்ட்டுல ஏறணும். பேரிங்கும் காலரும் ஏறின பிறகு அது எந்தப் பக்கமும் உள்ளே போகாது. மறுபடி எல்லாத்தையும் வெட்டி, 1,280 ரூபாய் பேரிங்கைக் குப்பையில போட்டு, முதல்ல இருந்து. தட்டு எங்க வீட்டுக் களத்துல மண்ணெண்ணெய் டப்பாவுல ஊறிக்கிட்டிருக்குது. தம்பிக்குப் போன் பண்ணினேன். அந்த நேரத்தோட மதிப்பைப் பேசின அதே தம்பிதான், ஸ்கூட்டர்ல கொண்டு வந்து குடுத்தான்.

அந்த லேத்து அண்ணன் அன்னைக்கு வாங்கினது 300 ரூபாய். எனக்கு மிச்சம் பண்ணிக் குடுத்தது அதைப்போல நாலு பங்குக்கு மேல. நான் கவலைப்படறது இவரைப் பத்தித்தாங்க. நானே எல்லாம் செஞ்சேன்னு மார் தட்ட இதை எழுதலை, பாருங்க, நானே செஞ்சிருந்தா கெடுத்திருப்பேன். எல்லாமே அசெம்பிளின்னு ஆகிட்டா, 'தட்டு எங்கே'ன்னு கேட்கிற ஆள் எதுக்கு? அவர் பட்டறையில முன்னாடி நாலு பேர் வேலை பார்த்தாங்க. இப்போ அவரும், சாயங்காலம் மட்டும் வர்ற ஒரு பையனும். அவர் மகன் கோயமுத்தூர்ல உணவு டெலிவரி பண்றான். அப்பா தொழிலை ஏன்டா விட்டேன்னு கேட்டா, கை அழுக்காகும்கிறான். யார் சொல்லிக் குடுத்தது அதை? கிரீஸ் பட்ட கையைப் பார்த்து 'உங்க நேரத்துக்கு மதிப்பு இல்லையா'ன்னு கேட்டுக் கேட்டுத்தான்.

கணக்கு வேணும்னு கேட்பீங்க. பேரிங் 1,280. காலர் 140. சீல் 190. பிரேக் ஷூ செட் 920. எண்ணெயில ஊறின ஷூவைக் கழுவிப் போட்டா பிடிக்காது, ஒரு பக்கம் மட்டும் மாத்தினாலும் வண்டி இழுக்கும், அதனால ரெண்டு பக்கமும். கிரவுன் ஆயில் 760. லேத்து 300. மொத்தம் 3,590. வலது பக்கத்துப் பேரிங்கும் மாத்தினா இன்னும் 1,910 சேர்ந்து 5,500. அங்கே சொன்னது 21,600.

நேரத்துக்கும் கணக்கு போடலாமே? காலையில ஏழு மணிக்கு ஆரம்பிச்சது, சாயங்காலம் நாலரைக்கு முடிஞ்சது. நடுவுல சாப்பாடு, லேத்து, மல்லாக்க விழுந்தது எல்லாம் சேர்த்து. சர்வீஸ் சென்டர்னா ஒன்பது நாள் வண்டி நிக்கணும். இல்லைன்னா ஆடற சக்கரத்தோட ஓட்டணும். அப்புறம் 38 கிலோமீட்டர் கொண்டு போய் விட்டுட்டு, ரெண்டு பஸ் மாறி வீட்டுக்கு வரணும். மறுபடி போய் எடுக்கணும். அது ரெண்டு நாள். பாலுக்கு வேற வண்டி வாடகை. தம்பி, உன் ஆபீஸ்ல மணிக்கு இவ்வளவுன்னு சம்பளம் வருது, அந்த மணியை எடுத்து வேற இடத்துல வித்தா காசு ஆகும். எனக்கு அன்னைக்கு மஞ்சள் வேக வைக்கிற கொப்பரை இன்னொருத்தர் களத்துல இருந்தது. ஞாயித்துக்கிழமை எனக்கு விக்கிறதுக்கு ஒரு மணி நேரமும் இல்லை. சும்மா இருந்த நாளை 18,000 ரூபாய்க்கு வித்தேன்னு வெச்சுக்கயேன்.

எல்லாரும் அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல சக்கரத்தைக் கழட்டுங்கன்னு நான் சொல்லலை. தம்பியோட புதுக் காரில பேரிங்கும் ஹப்பும் ஒண்ணாவே வருது. நாலு போல்ட்டுல மாட்டறது, அதுல நிஜமாவே தனியா மாத்த ஒண்ணும் இல்லை. சில வண்டியில ஏபிஎஸ்க்கான காந்த வளையம் பேரிங்கோட ஒரு பக்கத்துல இருக்கும், திருப்பி ஏத்தினா டேஷ்போர்டுல விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். பிரேக்ல கை வைக்கத் தெரியாதவங்க வைக்கவே கூடாது. ஆனா பில்லைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாமில்லீங்களா? எது போச்சு, பழசைக் காட்டு, அது மட்டும் தனியா கிடைக்குமான்னு. கேட்டா கேவலம்னு நினைக்கிறீங்க. எங்க அப்பாரு விளக்கெண்ணெயும் வைக்கோல் கரியும் குழைச்ச வண்டி மையைத் தன் கையாலதான் அச்சுக்குப் போடுவார். அழுக்குக் கைன்னு அவரை யாரும் பந்தியில தள்ளி உட்கார வைக்கலை.

எல்லாம் மாட்டி, நட்டையெல்லாம் எதிரெதிரா முறுக்கி, எண்ணெய் ஊத்தி, வாய்க்கால் ரோட்டுல ஓட்டிப் பார்த்தோம். தம்பி பின் சீட்டுல காதைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தான். அறுபதுல போனப்போ இடது பக்கம் சத்தம் இல்லை. பால் கேன் மூடி கடகடன்னு ஆடற சத்தம் மட்டும். அது இத்தனை நாளா அந்த முனகல்ல கேட்காமயே இருந்திருக்கு.

பிரேக் ஷூ மாத்த வலது டிரம்மைக் கழட்டினப்போ அந்தப் பக்கமும் கை வெச்சுப் பார்த்தேன். லேசா அரைக்குது. பேரிங், காலர், சீல் எல்லாம் வாங்கி அலமாரியில வெச்சாச்சு. மஞ்சள் வேக வெச்சு முடிஞ்சதும் அடுத்த ஞாயித்துக்கிழமை கட்டை அடுக்கணும். தட்டை இந்தத் தடவை முதல்லயே எடுத்துப் பைக் பெட்டியில போட்டுட்டா பாப்பா. ஷாஃப்ட்டுல இருந்தே இன்னும் கழட்டாத தட்டு எப்படிடி பெட்டிக்குள்ள வந்ததுன்னு பார்த்தா, அது அவ சைக்கிளோட செயின் கவர்.